மீண்டும் ஓட்டினால் பச்சை வரும், பிழை போய்விடுமா?

நிரலில் ஒரு மாற்றம் செய்ததும் தானியக்கச் சோதனைகள் ஓடுகின்றன. ஒன்று சிவப்பு காட்டுகிறது. எதையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பச்சை. "அது சில நேரம் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் மென்பொருள் படிக்கும் நான் அன்றாடம் பார்க்கும் பழக்கம் இது.

இது ஆபத்தான பழக்கம் என்பேன். ஒரே நிரல் இருவேறு விடை தந்தால், நாம் கவனிக்காத ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள்.

நான் முதலில் தேடுவது மூன்று இடங்களில். ஒன்று, காத்திருப்பு. இணையப் பக்கம் முழுமையாக வருமுன் சோதனை பொத்தானைத் தேடினால் தோற்கும். 'இரண்டு விநாடி பொறு' என்பதைவிட 'பொத்தான் தோன்றும்வரை பொறு' என்று எழுதுவதே சரி. இரண்டு, வரிசை. ஒரு சோதனை தரவுத்தளத்தில் அழிக்காமல் விட்ட பயனர் கணக்கு, அடுத்த சோதனையைக் கவிழ்த்துவிடும்.

மூன்று, நேரம். சிங்கப்பூர், மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நள்ளிரவிலிருந்து காலை 8 மணிவரை நமக்குப் புதிய தேதி. உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வருக்கு இன்னும் நேற்றுதான். பின்னிரவு 2 மணிக்குத் தோற்ற சோதனை காலை 10 மணிக்குத் தேறுவது இதனால்தான். அதே பிழை செயலியிலும் இருந்தால், அதிகாலையில் பூப்பந்து அரங்கை முன்பதிவு செய்பவருக்குத் தவறான தேதி விழும்.

எச்சரிக்கைக்குப் பழகிப்போவதன் விலை இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். 1985 முதல் 1987 வரை, தெராக்-25 என்ற சிகிச்சை இயந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். அடிக்கடி வந்த கோளாறுச் செய்திகளுக்குப் பழகிய இயக்குநர்கள், ஒரு விசையைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தனர். டெக்சஸ் மருத்துவமனை ஒன்றில், தரவுகளை விரைவாகத் தட்டச்சு செய்து அந்தக் கோளாற்றை மீண்டும் வரவழைத்துப் பார்த்த பிறகே அங்குள்ளோருக்குக் காரணம் பிடிபட்டது.

விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திட்டப்பணியில் பச்சையை மட்டும் எண்ணாமல், காரணத்தைத் தேடிய உழைப்புக்கும் மதிப்பெண் கொடுங்கள். மாணவ நண்பர்களே, சோதனையை மறுபடி ஓட்டுவதில் தவறில்லை. எத்தனை முறை ஓட்டினோம், எத்தனை முறை, எந்த நேரத்தில் தோற்றது என்று குறித்துக்கொண்டு ஓட்டுங்கள். அந்தக் குறிப்புதான் பிழையிடம் அழைத்துப்போகும்.