கை, கால் சில்லிடுகிறதா?

சிலருக்குக் கையும் காலும் எப்போதும் சில்லிட்டே இருக்கும். உடம்பில் “யாங்” என்னும் சூட்டுச் சக்தி குறைந்து போனதே இதற்குக் காரணம் என்பார்கள், சீன வைத்தியர்கள். இரவில் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு உட்காருவது சீனர்களின் வழக்கம். அது சுகமானது, செலவும் இல்லை.

கஷாயமும் உண்டு. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பு சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதி வைத்தது அது. அதிமதுரம், இலந்தைப்பழம் முதலியவை அதில் சேரும். “சீசின்” என்ற மூலிகையும் சேரும். அங்கேதான் ஆபத்து! சிறுநீரகத்தைக் கெடுத்து, புற்றுநோயை உண்டாக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் அந்த மூலிகையில் இருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ரத்த சோகை இருந்தால் கை, கால் சில்லிடும். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் சில்லிடும். சிகரெட் பிடித்தால் ரத்தக் குழாய் சுருங்கும், அப்போதும் சில்லிடும். காரணம் தெரியாமல் கஷாயம் குடித்தால், உள்ளே இருக்கும் நோய் வளர்ந்துகொண்டே போகும்.

நாடி மெலிந்திருந்தால்தான் இந்தக் கஷாயம் என்று எழுதினார், அந்தப் பழைய வைத்தியர். அவரே சோதித்துப் பார்த்துத்தான் மருந்து கொடுத்தார்! இன்று ரத்தத்தைச் சோதிக்க வசதி இருக்கிறது. அடிக்கடி சில்லிட்டால், முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்வதே புத்திசாலித்தனம். மருந்து அப்புறம்!