கால் இல்லை, வேலை இருக்கு!

"ரோபோ வேலைன்னா ஜப்பானுக்குல்லாடே போணும்?" நாங்குநேரி பஸ் ஸ்டாப் அரட்டையில் இப்படிப் பேசுற ஆளா நீங்க? அப்படியே தென்மேற்கே திரும்புங்க பாஸ், மகேந்திரகிரி! ககன்யான் ராக்கெட்டின் சிஇ-20 கிரையோஜெனிக் இன்ஜின், 'மனுஷனை நம்பி ஏத்தலாம்'னு 2024 பிப்ரவரியில் பாஸானது அங்கேதான்.

மனுஷனுக்கு முந்தி விண்வெளிக்கு அனுப்ப இஸ்ரோ செஞ்ச பெண் ரோபோ வியோமித்ரா. உருவானது பக்கத்து திருவனந்தபுரத்தில். 2020-ல் பெங்களூருவில் காட்டினாங்க. அம்மணிக்குக் கால் கிடையாது. சீட்டில் உட்கார்ந்தே இருக்க எதுக்குக் கால்? (நம்ம கடைசி பெஞ்ச் மாதிரி!) ஆனா ஸ்விட்ச் போடணும், கேபின் காற்று கெட்டா எச்சரிக்கணும், பேசணும். மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் மூணு டிபார்ட்மென்ட் வேலை!

சரி, ஃபைனல் இயர் புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்குறவங்கல்லாம் கொஞ்சம் கையைத் தூக்குங்க பார்ப்போம்!