ஊழியம் என்னும் சொல்

தாராவியின் தமிழ்ச் சபைகளில் 'ஊழியம்' என்றால் இன்று பெரும்பாலும் பிரசங்கமும் ஜெபக்கூட்டமும்தான். 'ஊழியக்காரர்' என்பது மேடைக்குரிய மரியாதைப் பெயர். அச்சொல்லின் பழைய வாழ்வு வேறு. தாராவித் தமிழர் பலரின் பூர்விகமான திருநெல்வேலிக்கு அடுத்திருந்த திருவிதாங்கூரில், தாழ்ந்தவை என ஒதுக்கப்பட்ட சாதிகள்மீது அரசு சுமத்திய கூலியில்லா வேலைக்கே ஊழியம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குள்ள கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறன்று மட்டும் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. அதற்கே மிஷனரிகள் மன்றாட வேண்டியிருந்தது.

மத்தேயு 20ஆம் அதிகாரத்தில், முதன்மை விரும்புகிறவன் அடிமையாகட்டும் என்று கிரேக்க மூலம் சொல்லுமிடத்தில், பழைய தமிழ் வேதாகமம் 'ஊழியக்காரன்' என்கிறது. மொழிபெயர்ப்பில் கூர்மை குறையவில்லை. சபை வழக்குதான் அதை மழுக்கியது.

மொழியியலார் இதனை உயர்பொருட்பேறு என்பர். இங்கே சொல் உயர்ந்தது, வேலை செய்பவர் உயரவில்லை. வாரமெல்லாம் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கி, ஞாயிறு ஆராதனைக்குமுன் ஆலயத்தைப் பெருக்கும் பெண்ணை ஊழியக்காரி என்பவர் அரிது. முன்னது கூலிக்கு, பின்னது நன்றியால், மனமுவந்து. கொரிந்தியருக்கான இரண்டாம் நிருபத்தின் 9ஆம் அதிகாரம் கொடுப்பவரிடம் எதிர்பார்ப்பது அந்த மனமுவப்பையே. எனவே பெயர் அவளுக்கே உரியது.

பெயர் மட்டும் போதாது. மனமுவந்து செய்கிறாள் என்பதாலேயே துடைப்பம் ஆண்டுக்கணக்கில் அவள் கையிலேயே தங்குமானால், அவளால் மறுக்க இயலாமற்போனால், பழைய திருவிதாங்கூர்ப் பொருள் திரும்பிவிடுகிறது. பெருக்கும் பணியைச் சபையார் அனைவரும் முறைவைத்துப் பகிரட்டும். முதல் வாரம் போதகருடையதாகட்டும்.