மேற்கோட் கணக்கும் ஓர் உளநூற் பேராசிரியரும்

ஓர் ஆராய்ச்சியாளரின் பெருமையை அளப்பது எங்ஙனம்? முன்னாளிலே ஒத்த துறை அறிஞர் கூறும் நன்மதிப்பே அளவுகோலாக இருந்தது. இந்நாளில் அவ்விடத்தே எண்கள் வந்து அமர்ந்துவிட்டன. ஒருவர் கட்டுரையை மற்றொருவர் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். அமெரிக்கரான இயூஜீன் காபீல்ட் என்பார் 1964 ஆம் ஆண்டில் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டதுமுதல் இவற்றை எண்ணுதல் எளிதாயிற்று. 2005 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஹேர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் ‘எச் சுட்டெண்’ என்ற அளவையை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் 20 முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்து, இருபத்தொரு கட்டுரைகள் 21 முறை என்ற படியை எட்டாவிடின், அவருடைய சுட்டெண் 20 ஆகும். நியமனமும் பதவியுயர்வும் வழங்கும்போது இவ்வெண்களைப் பார்க்கும் சர்வகலாசாலைகள் பல.

ஆயின், ஒருவர் கூற்றை ஏற்பதற்கும் எடுத்தாள்வர், மறுப்பதற்கும் எடுத்தாள்வர். கணக்கில் இரண்டும் ஒன்றே. ஊரிலே ஒருவன் பெயர் பலர் வாயில் அடிபடுமாயின், அவன் கொடையாளியாகவும் இருக்கலாம், வம்பனாகவும் இருக்கலாம் அன்றோ?

ஹான்ஸ் ஐசென்க் என்னும் உளநூலறிஞரின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1916 இல் பேர்லின் நகரிற் பிறந்த அவர், ஹிட்லர் ஆட்சியை வெறுத்து 1934 இல் நாட்டைவிட்டு வெளியேறினார். இலண்டனிற் பயின்று, அங்குள்ள மனநோய் மருத்துவ நிலையத்திற் பேராசிரியராக விளங்கினார். மனிதரை அகமுகியர், புறமுகியர் எனப் பகுத்து அளக்கும் வினாத்தாள்களை ஆக்கினார். ஏறக்குறைய 80 நூல்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளும் எழுதினார். சஞ்சிகைகளையும் அவரே தொடக்கினார். 1997 இல் அவர் மறைந்தபோது, உயிரோடிருந்த உளநூலறிஞருள் சஞ்சிகைகளில் மிகுதியாக எடுத்தாளப்பட்டவர் அவரே. 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சென்ற நூற்றாண்டின் உளநூலறிஞர் மேற்கோள் வரிசையில் புரொய்ட், பியாஜே ஆகியோர்க்கு அடுத்த மூன்றாம் இடம் அவருக்குக் கிடைத்தது.

அம்மேற்கோள்களுள் மறுப்புக்கள் எத்துணை! நரம்புத்தளர்ச்சியுற்றோருள் மூன்றில் இரு பங்கினர் உளச்சிகிச்சையின்றியே தேறுவர் என்று 1952 இல் அவர் எழுதினார். மருத்துவருலகம் கொதித்தெழுந்தது. அவர் கூற்றை வீழ்த்துவதற்கென்றே ஆராய்ச்சிகள் நடந்தன. அவற்றாற் சிகிச்சையின் பயனை ஒழுங்காக அளக்கும் வழிகள் பிறந்தன என்பதையும் கூறல் வேண்டும். மறுக்கப்படுவதற்காகவேனும் ஒரு கட்டுரை பயன்படுதல் உண்டு.

பின்னாளில் நடந்தது வேறு. ஹைடெல்பேர்க் நகரத்து ஆய்வாளரான குறோசார்த் மாற்றிசெக் என்பாருடன் சேர்ந்து, புற்றுநோய்க்கும் இருதய நோய்க்கும் மனிதரின் குணவியல்பே பெருங்காரணம் என்று ஐசென்க் எழுதலானார். நோய்க்கு இலக்காகும் இயல்பினர் 600 பேருக்கு ஒரு சிறு பிரசுரம் வழங்கப்பட்டதாம். 13 ஆண்டுகளில் அவர்களுள் நூற்றுக்கு 32 பேரே இறந்தனராம். அது பெறாதோருள் நூற்றுக்கு 82 பேர் இறந்தனராம்! ஒரு பிரசுரத்துக்கு இத்துணை ஆற்றல் உண்டெனின் உலகில் ஆஸ்பத்திரிகள் எதற்கு? அமெரிக்கப் புகையிலை வணிகத்தாரின் பணம் ஐசென்க்கின் ஆய்வுகளுக்குக் கிடைத்துவந்தது என்பதையும் இங்கே மறைத்தற்கில்லை. புகைப்பவனுக்கு இக்கொள்கை ஆறுதல். நோயுற்ற தாய்க்கோ, ‘உன் குணமே உன் நோய்’ என்னும் பழி.

அந்தனி பெலோசி என்னும் மனநோய் வைத்தியர் 1992 இலேயே இதனைக் கண்டித்தெழுதினார். உடனே பயன் விளையவில்லை. 2019 இல் அவர் மீண்டும் எழுதினார். ஐசென்க் பணியாற்றிய நிலையம் இலண்டன் கிங்ஸ் கல்லூரியுடன் முன்னரே இணைந்திருந்தது. ஆதலின் அக்கல்லூரியே விசாரித்து, இருவரும் சேர்ந்தெழுதிய 26 கட்டுரைகள் நம்பத்தக்கன அல்ல என்று அவ்வாண்டே முடிவு கூறியது. 2020 இல் 14 கட்டுரைகளைச் சஞ்சிகைகள் மீளப்பெற்றன. ஆசிரியர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

ஐசென்க்கின் ஏனைய பணி முழுதும் இதனாற் பொய்யாகிவிடவில்லை. அவர் வகுத்த குணவியல்பு அளவைகள் இன்றும் வழக்கில் உள்ளன. எனினும், மீளப்பெற்ற கட்டுரைகளுக்கு முன்னர்க் கிடைத்த மேற்கோள்கள் கணக்கிலிருந்து தாமாகக் கழிவதில்லை. நூலகத்திலே பழைய சஞ்சிகைத் தொகுதிகளைப் புரட்டும் மாணவர், அக்கட்டுரைகளை அச்சான வண்ணமே காண்பர். மீளப்பெற்ற செய்தி அந்தப் பக்கத்தில் இராது. பல்லாண்டு கழித்து வெளிவந்த அறிவிப்பிலேதான் இருக்கும்.