இயந்திரத்தை மட்டும் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

வைத்தியசாலைக்கு உதவி என்றால் நமது வர்த்தகர்கள் பின்நிற்பதில்லை. அது பெருமைக்குரியது. ஆனால் கடைக்குச் சரக்கு எடுக்கும்போது ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், அன்பளிப்புக்கு வாங்கும்போது விலை கூடியதே சிறந்தது என்று முடிவு செய்துவிடுகின்றோம். இது தவறான கணக்கு என்பதே எனது கருத்து.

சிசுக்களுக்கான உயர் அதிர்வெண் வென்டிலேட்டரை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை மூச்சு விடும். இவ்வியந்திரமோ மிகச் சிறிதளவு காற்றை நிமிடத்துக்கு 600 தடவை அளவில் அதிர்வாகச் செலுத்தி, நுரையீரலை விரிந்த நிலையிலேயே வைத்திருக்கின்றது. சாதாரண வென்டிலேட்டர் பலனளிக்காத சிசுவுக்கு வைத்தியர்கள் இதனை நாடுகின்றனர். அந்த இடத்தில் இதன் மதிப்பை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஆரம்பத்திலிருந்தே இதைக் கொடுத்தால் கூடுதல் பலன் கிடைக்குமா? 673 குறைமாதச் சிசுக்களைக் கொண்டு நடத்தப்பட்டு 1989இல் வெளியான ஆய்வில் மரணங்கள் குறையவில்லை. கடுமையான மூளை இரத்தக்கசிவு கூடியிருந்தது. பின்னர் கையாளும் முறை திருந்தியது. ஆயினும் மரணத்தைக் குறைப்பதில் சாதாரண வென்டிலேட்டரை இது தெளிவாக விஞ்சவில்லை.

மறுபுறம், மலாவியின் பிளான்டயர் நகர வைத்தியசாலையில் மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் எளிய நீர்க்குமிழிக் கருவியைப் பரீட்சித்தனர். ஒட்சிசன் மட்டும் பெற்ற சிசுக்களில் 44 வீதமும், இக்கருவியைப் பெற்றவர்களில் 71 வீதமும் பிழைத்ததாக 2014இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. வென்டிலேட்டர் அவசியமான சிசுவுக்கு இது மாற்றல்ல. ஆனால் பல சிசுக்களை அந்த நிலைக்குச் செல்லாமல் தடுக்கக்கூடியது.

வசதி குறைந்த நாடுகளில் வைத்தியக் கருவிகளில் ஏறத்தாழ 40 வீதம் செயலிழந்து கிடப்பதாக 2011இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. லொறி வாங்குபவர் சாரதி, டயர், உதிரிப்பாகம் எல்லாவற்றையும் கணக்கில் எடுப்பார். இங்கும் அதே கணக்குத்தான்.

ஆகவே காசோலை எழுதுமுன் சிசு வைத்திய நிபுணரிடம் கேளுங்கள்: உண்மையில் எது தேவை? இரவு நேரத்திலும் இயக்கத் தெரிந்த தாதியர் உள்ளனரா? இரத்த வாயுப் பரிசோதனை, எக்ஸ்ரே வசதி உண்டா? குழாய்களை யார் தொடர்ந்து வாங்குவார்? பழுதானால் திருத்த உள்நாட்டில் முகவர் உள்ளாரா? பதில் திருப்தியானால் தாராளமாக வாங்குங்கள். பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்குங்கள். பதில் இல்லையேல் எளிய கருவிக்கும் தாதியர் பயிற்சிக்கும் அந்தப் பணத்தைக் கொடுங்கள்.