நமக்கு நல்ல நேரம், அவருக்கு ஏழரை

சனிக்கிழமை இரவு மணி ஏழரை. மாமாக் கடையின் பெரிய திரையில் இங்கிலாந்து பிரிமியர் லீக் ஆட்டம். தே தாரிக் ஆறுவதற்குள் முதல் கோல் விழுந்துவிட்டது. "நல்ல நேரத்துல போடுறாங்க அண்ணே, பார்த்துட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

நமக்கு நல்ல நேரம்தான். அங்கே அப்போது பகல் பன்னிரண்டரை. லண்டன் அணி ஒன்று நியூகாசலில் ஆடுகிறது என்றால், அதன் ரசிகர் அதிகாலையிலேயே எழுந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ரயில் பயணத்துக்குக் கிளம்ப வேண்டும். தொலைக்காட்சிக்காக ஆட்ட நேரத்தை மாற்றினால், முன்கூட்டியே மலிவாக வாங்கி வைத்த ரயில் டிக்கெட்டும் போச்சு. சனிக்கிழமையும் அதுவுமாக, ஏழரை அவருக்குத்தான்!

புலம்புவதில் பிரிட்டிஷ் ரசிகரை யாரும் மிஞ்ச முடியாது. மழை, ரயில் தாமதம், இடைவேளைத் தேநீரின் விலை என எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே கேள்விக்கு வந்துவிடுவார். காற்பந்து யாருக்காக? திடலுக்கு வருபவருக்கா, திரையில் பார்ப்பவருக்கா?

இன்னொரு வேடிக்கை உண்டு. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் காற்பந்து ஆட்டங்களை நேரலையாகக் காட்டக்கூடாது என்பது 1960களிலிருந்து இருந்துவரும் ஏற்பாடு. பெரிய அணிகளின் ஆட்டத்தை வீட்டிலேயே பார்க்க முடிந்தால் சிறு ஊர் அணிகளின் திடல்கள் காலியாகிவிடும் என்ற பயம்தான் காரணம். ஆக, அங்கே மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தை நாம் இங்கே இரவு பத்து மணிக்கோ பதினொரு மணிக்கோ சாவகாசமாகப் பார்க்கிறோம். திடலுக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது!

இதற்கும் அவர் புலம்புவார். ஆனால் அந்தத் தடையை எடுத்துவிடலாமா என்று கேட்டால் பலர் வேண்டாம் என்பார்கள். பரி அணியின் கதை அவர்களுக்குத் தெரியும். 1885இல் தொடங்கிய அணி. 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. பணச் சிக்கலில் மாட்டி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகத் திடலுக்குப் போன குடும்பங்களுக்கு, அந்தப் பருவத்தில் சனிக்கிழமை போக இடமில்லாமல் போனது.

அவர்கள் புலம்பலோடு நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் லிவர்பூல் நிர்வாகம் 77 பவுண்டு டிக்கெட் ஒன்றை அறிவித்தது. அந்தப் பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. ஆட்டம் முடிந்தபோது 2-2! சில நாட்களில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைக் கைவிட்டது. அடுத்த பருவத்திலிருந்து, வெளியூர்த் திடலுக்குப் போகும் ரசிகருக்கு 30 பவுண்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்று பிரிமியர் லீக்கும் வரம்பு வைத்தது.

முன்னிலையில் இருக்கும் சொந்த அணியை விட்டு எழுந்து போக எவ்வளவு பிடிப்பு இருக்க வேண்டும்! நான் 'நம்ம டீம்' என்று தொண்டை கிழியக் கத்துவது, ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஓர் ஊரின் அணிக்கு.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் நம் மாநில அரங்கத்தைக் கடந்தேன். அங்கேயும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. வாகன நிறுத்துமிடத்தில் பாதிக்கு மேல் காலி. நான் கடைசியாக அங்கே டிக்கெட் வாங்கியது எந்த வருடம் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட வேண்டும்.