விரித்த உள்ளங்கை

காஞ்சீபுரத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கப் போகும் சகோதரிகள், அப்படியே உத்திரமேரூருக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன.

முப்பது குடும்புகளுக்கும் பெயர் எழுதிய ஓலைகள். எல்லோரும் காணக் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றும் அறியாத பாலன் ஓலையை எடுக்க வேண்டும். மத்தியஸ்தர் அதை ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்க வாசிக்க வேண்டும்.

என்னுடன் வந்த அத்தை கேட்டாள்: "ஏண்டா, இப்போ பெட்டி வந்தாச்சே! அதுக்குள்ளே யார் விரலை விரிச்சுக் காட்டறது?"

நல்ல கேள்விதான். யந்திரத்தின் சில்லில் பதித்து வைத்த கட்டளைகளுக்கு 'ஃபர்ம்வேர்' என்று பெயர். வீட்டுச் சலவை யந்திரத்திலும் அது உண்டு. கம்ப்யூட்டரில், அதனுடன் பேசுவதற்கென்றே 'டிரைவர்' என்று ஒரு புரோகிராம் வைப்பார்கள். பந்தியில் உட்கார்ந்தவர் பரிமாறுகிறவளிடம் ரசம் கேட்கலாம். சமையலறைக்குள் புகுந்து அடுப்பில் கைவைக்கக் கூடாதல்லவா? அதே ஏற்பாடுதான். இன்னது கேட்கலாம், இன்னது கூடாது என்று வாசலிலேயே வரையறை.

வாசல் ஒன்று கூடினால் வசதி கூடும். காவலும் கூட வேண்டும். ஓட்டு யந்திரத்தின் சில்லில் ஒரே தடவைதான் எழுத முடியும், பிறகு மாற்ற முடியாது என்கிறது தேர்தல் கமிஷன். 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில், நாம் போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் யந்திரம் முதன் முதலாக வந்தது. சீட்டில் பெயரும் சின்னமும் விழ வேண்டுமானால், தொகுதிக்குத் தொகுதி அவற்றை அந்த யந்திரத்தில் ஏற்ற வேண்டுமே! அதற்கென்று தனியாக ஒரு சிறு கருவி. ஆகப் புதிதாக ஒரு வாசல் திறந்தது.

அந்த வாசலுக்குக் காவல் பிற்பாடுதான் பலப்பட்டது. 2024 ஏப்ரல் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட், சின்னம் ஏற்றிய கருவிகளையும் முத்திரையிட்டு, முடிவு வெளியான பின் 45 நாள் வரை பத்திரப்படுத்தச் சொன்னது. இரண்டாவது, மூன்றாவதாக வந்த வேட்பாளர்கள் எழுதிக் கேட்டால், 5 சதவிகித யந்திரங்களின் சில்லை எஞ்சினீயர்கள் சோதிக்கவும் வழி செய்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அத்தை, "அதெல்லாம் கோர்ட்டும் எஞ்சினீயரும் பார்த்துப்பா. எனக்கு என்ன வேலை?" என்றாள்.

வேலை இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சீட்டு ஏழு விநாடி தெரியும். அதுதான் நமக்காக விரிக்கும் உள்ளங்கை. அடுத்த தடவை அவசரப்படாமல் பார்த்துவிட்டு வாருங்கள்!